அவன், அவர்

சனிக்கிழமை ஐந்தே கால்.
மைதான நிறுத்தத்தில் கதவு திறந்ததும்
முதலில் ஏறுவது பியர் வாசம்,
அடுத்தது நனைந்த கழுத்துத் துண்டுகள்,
கடைசியாகத்தான் ஆட்கள்.
வென்ற நாளில் பெட்டி ஆடும்.
இன்றைக்கு ஆடவில்லை.
மூன்றுக்குப் பூச்சியம், அதுவும் சொந்த மண்ணில்.
வெல்லாமல் ஏழாவது ஆட்டம்.

நான் வுப்பர்டாலில் தொங்குரயில் ஓட்டுகிறவள்.
ஆற்றுக்குப் பன்னிரண்டு மீற்றர் மேலே
வௌவால் மாதிரிப் போகிற வண்டி.
சாரதிக் கதவைச் சாத்தலாம்.
இடுக்கால் வருகிற கதையைச் சாத்த ஏலாது.

"தூக்குங்கோ அவனை. இண்டைக்கே!"
இது டெட்லெஃப்.
ஆணித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம்,
போன மாசி மாதம் அவனையும் தூக்கினார்கள்.
"எனக்கு ரெண்டு கிழமைதான் தந்தவங்கள்.
அவனுக்கு என்னத்துக்கு ஏழு?"

"கோலி கைவிட்ட பந்துக்கு அவர் என்ன செய்யிறது?"
இது கதிர் இல்லை, காதிர். துருக்கிப் பொடியன்.
"ஒப்பந்தம் இன்னும் பதினாலு மாசம்.
அவருக்கு அந்தக் காசைக் குடுத்துப்போட்டு
பதினைந்து வயசுக்காரரை
எந்த பஸ்ஸில ஏத்தப் போறியள்?"

ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.
தமிழில் கேட்டுப் பழகிய என் காதுதான்
ஆளுக்கு ஆள் பிரித்து வைக்கிறது:
டெட்லெஃபின் வாயில் அவன்,
காதிரின் வாயில் அவர்.

ரெகினே நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில்
கணக்கெழுதி வைத்திருக்கிறாள்.
ஏழு ஆட்டம், இரண்டு புள்ளி, நாலு கோல்,
அதிலும் ஒன்று எதிரணிக்காரன் தவறிப் போட்டது.
வாசித்து முடித்துவிட்டு,
நான் ஒண்டும் சொல்லேல்லை என்கிறாள்.

போன வைகாசியில் தரம் உயர்ந்த இரவு
இதே பெட்டி, இதே ஆட்கள்.
அவனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார்கள்.
கூரையில் தலை இடித்தது, சிரித்தான்.
அப்போதும் தூக்கு, தூக்கு என்றுதான்
எனக்குக் கேட்டது.

(நானும் அவன் என்றுதான் சொல்கிறேன். பாருங்கள்.)

லாண்ட்கெரிஷ்ட். நீதிமன்ற நிறுத்தம்.
ஒருவரும் இறங்கவில்லை.
சனிக்கிழமையில் நீதிமன்றம் பூட்டு.

லோஹர் பாலத்துக்குச் சற்று முன்னால்
நாலைந்து கைபேசிகள் ஒன்றாக அதிர்ந்தன.
ரெகினேதான் வாசித்தாள்:
கழகமும் ஹோல்கர் ப்ராண்ட்னரும்
பரஸ்பர சம்மதத்துடன் பிரிகிறார்கள்.

தண்டவாளச் சத்தம்.
யாரோ போத்தலைக் காலால் நிறுத்துகிற சத்தம்.

பிறகு டெட்லெஃப்:
"கார்த்திகை மழையில
குடை பிடிக்காமல் எங்களோட நிண்டவர்.
என்ர வேலை போனது கேள்விப்பட்டு
கை தந்தவர்.
அப்பிடி ஒரு ஆள் இனிக் கிடையாது."

செத்துப்போன மாடு
குடம் குடமாய்க் கறந்ததாம்.
சிரிப்பு வந்தது, அடக்கினேன்.
ஏனென்றால் அந்தக் குரல் உடைந்திருந்தது,
பொய்யுக்கு உடையாது குரல்.

பேர் சொல்லி, ஆட்டம் சொல்லி,
ஆளாளுக்கு ஒரு நல்ல கதை எடுத்தார்கள்.
அட்லர் பாலம், பழைய சந்தை, வெர்தர் பாலம்,
மூன்று நிறுத்தத்துக்குள்
முழு மனிதர் ஆகிவிட்டார் ப்ராண்ட்னர்.

காதிர் மட்டும் வாய் திறக்கவில்லை.
ஓபர்பார்மனில் கடைசியாக இறங்கினான்.
மேடையில் நின்று கழுத்துத் துண்டைப் பிழிந்தபடி
யாரையும் பார்க்காமல் கேட்டான்:
"இனி எவன் வாறானாம்?"

பெட்டி காலி. வளைவில் திரும்பி
வந்த பக்கமே போக வேண்டும்.
கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டது:
நாற்பது செக்கன் பிந்தி, என்ன காரணம்?

சனம் கூட, என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.